சாமைப்பாறை அடுக்குமாடிக் குடியிருப்பு

ஒரு வீடு என்றால் அதற்குக் கூரை வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் எடப்புளி நாட்டுக்காரர்களாகிய எங்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை. அந்தக் கூரை யார் தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு வந்தது.

என் பெயர் கருப்பண்ணன். கொல்லிமலையில் மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிறவன். எங்கள் மலையில் நாடு என்றால் நாலைந்து ஊர் சேர்ந்த ஒரு பகுதி. எங்களுக்கு வீடு கட்டித் தருவதற்கென்றே குன்றுப்பகுதிக் குடியிருப்பு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கிளை அலுவலகம் அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில், ஒரு வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. ஊருக்கெல்லாம் வீடு தருகிற வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடையாது. வாடகை பாக்கி என்று கட்டடக்காரர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து கக்கூஸைப் பூட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு மட்டும் அதிகாரிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த வாரியம் முன்பு நிறைய வீடு கட்டியது. தணிக்கைக்காரர்கள் வந்து பார்த்தபோது கணக்கில் இருந்த வீடுகளைத் தரையில் காணோம். பேப்பரிலெல்லாம் வந்து நாறிப்போனது. தின்றவர்களில் ஒருவர் பதவி உயர்வில் போனார், இன்னொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு ஓய்வு பெற்றார். இனிமேல் இப்படி நடக்கவே கூடாது என்று அரசு ஆழ்ந்து பரிசீலித்தது. பரிசீலித்து, வீடு கேட்கிறவர்களைச் சந்தேகப்படுவது என்று முடிவெடுத்தது. அதற்காகவே 'நிதிக் கண்காணிப்பு மற்றும் இணக்கப் பிரிவு' என்று சென்னையில் ஒரு பிரிவு முளைத்தது.

அந்தப் பிரிவு போட்ட விதி எளிமையானது. அஸ்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரர் தன் வீட்டின் முன்னால் நிற்க வேண்டும். வாரியத்தின் போனில் உள்ள செயலி படம் எடுக்கும். எந்த இடத்தில் எடுத்தது என்பதை அதுவே குறித்துக்கொள்ளும். பிறகு தவணை பேங்குக்கு வரும். மனிதன் பொய் சொல்லுவான், போன் சொல்லாது. இதுதான் தத்துவம்.

போன் பொய் சொல்லாது, சரி. வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. டவர் கிடைத்தால்தான் அந்தச் செயலி திறக்கும். எங்கள் பக்கத்தில் டவர் கிடைக்கிற ஒரே இடம் சாமைப்பாறை. சாமையும் கேழ்வரகும் அறுத்துக் கொண்டுவந்து காயப்போடுகிற பெரிய மொட்டைப்பாறை அது. திருப்பூரில் இருக்கிற மகனிடம் பேசுவதானாலும், கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதானாலும் அங்கேதான் ஏறி நிற்க வேண்டும்.

முதலில் அஸ்திவாரம் தோண்டியவள் பாப்பாயி. அவள் புருசன் சென்றாயன் மிளகு பறிக்கக் கொடி படர்ந்த சவுக்குமரத்தில் ஏறி விழுந்து இடுப்பு போனவன். இருந்த மண்வீடும் போன மழையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் கிடந்தாள். அடுத்த ஐப்பசி மழைக்குள் தலைக்கு மேல் ஒரு கூரை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

வாரியத்தின் மேற்பார்வையாளர் சதீஷ்குமார் பைக்கில் வந்து அஸ்திவாரத்தின் முன்னால் போனை நீட்டினார். போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க சார், அஸ்திவாரம் கண்ணு முன்னால கெடக்குதுல்லங்க? எழுதிக்கங்க" என்றாள் பாப்பாயி.

"எழுதற காலமெல்லாம் போயிருச்சுங்கக்கா. நான் பாத்தா செல்லாது. போன் பாக்கணும்."

"போனுக்குத்தான் இங்க கண்ணு தெரியலீங்களே."

"பாறைக்குப் போனாத் தெரியும். இந்த அஸ்திவாரத்த அங்க கொண்டுவர முடியுங்களா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். முடியாது என்று தெரிந்ததும் மண்டை காய யோசித்தார். தன் சொந்தப் போனில் அஸ்திவாரத்தைப் படம் பிடித்துக்கொண்டு ராசிபுரம் போனார். காதுகுத்துக்கு அடிக்கிற அளவில் ஒரு ஃபிளக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். அச்சடித்தவன் பழக்கதோசத்தில் கீழே 'வாழ்த்தும் நல்லுள்ளங்கள்' என்றும் போட்டிருந்தான். அதைப் பாறையில் இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, முன்னால் பாப்பாயி நிற்க, செயலி ஒரே நொடியில் ஏற்றுக்கொண்டது.

பட்டியலில் இருந்த நாங்கள் மொத்தம் முப்பத்தேழு பேர். ஆளுக்கொரு ஃபிளக்ஸ் அடித்தால் வீண்செலவு. தவிர, அஸ்திவாரம் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும். பாப்பாயிக்கு அடுத்து நான் போய் நின்றேன். என்னிடம் அஸ்திவாரம் இல்லை. எனவே ஒரு மரியாதைக்குத் தயங்கினேன்.

"படத்துல அஸ்திவாரம் இருக்குதுங்களா?" என்றார் சதீஷ்குமார்.

"இருக்குதுங்க."

"பக்கத்துல நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கறனுங்க."

"அப்புறம் என்னங்கண்ணா?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் குற்றம் எதுவும் தெரியவில்லை. தவணை வந்ததும் ஒரு பைக் வாங்கினேன். வீடு கட்ட சிமெண்ட் ஏற்றிவர வண்டி வேண்டுமல்லவா? வரிசையாக எல்லோரும் நின்றார்கள். கடைசியாக வந்து நின்றவர் பழனிமுத்து. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், ஏற்கெனவே டைல்ஸ் போட்ட பங்களாவில் இருப்பவர். தலைவர்கள் எந்த விசேஷத்துக்கும் கடைசியில்தான் வருவார்கள். சுவர்க் கட்டத்துக்கும் இதே ஏற்பாடு. பாப்பாயி பிள்ளைகளோடு மண் சுமந்து சுவர் எழுப்பினாள். அந்தச் சுவருக்கு முப்பத்தேழு பேர் தவணை வாங்கினோம்.

இணக்கப் பிரிவில் கோகிலவாணி என்று ஓர் அலுவலர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். போன இடத்தில் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர். அவர் கம்ப்யூட்டரில் கொல்லிமலை வரைபடத்தைத் திறந்து பார்த்தார். முப்பத்தேழு வீடுகளுக்கு ஒரே ஒரு புள்ளிதான் தெரிந்தது. விளக்கம் கேட்டு முள்ளுக்குறிச்சிக்குக் கடிதம் பறந்தது.

அங்கே உதவிச் செயற்பொறியாளர் விமல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பதில் போடாவிட்டாலும் போகும்.

"சார், ஒன்னுமேல ஒன்னு இருந்தா எல்லாம் ஒரே எடந்தானுங்களே?" என்றார் சதீஷ்குமார்.

விமல்ராஜ் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. 'மலைப்பகுதியில் நிலவும் நிலப் பற்றாக்குறையைக் கருத்தில் கொண்டு, மேற்படி முப்பத்தேழு வீடுகளும் செங்குத்தாக அமைக்கப்பட்டு வருகின்றன என்பது பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது' என்று பதில் போனது. படம் எடுத்த வரிசைப்படி பாப்பாயி தரைத்தளம். நான் முதல் மாடி. பழனிமுத்து முப்பத்தாறாவது மாடி.

சென்னை மகிழ்ந்தது. மலைவாழ் மக்களின் செங்குத்து வாழ்வியல் என்று டெல்லியில் ஒருவர் படம் போட்டுப் பேசினாராம். கோகிலவாணி மட்டும் மகிழவில்லை, அவர் கணக்கைப் பார்த்தார். பார்த்தவருக்கு ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. அடுக்குமாடி என்றால் மேல் வீட்டின் தரைதானே கீழ் வீட்டுக்குக் கூரை? அப்படியிருக்க முப்பத்தேழு கூரைக்கு எதற்காகப் பணம்? கடைசி மாடிக்கு மட்டும் கூரைத் தவணை போதும், மீதி முப்பத்தாறும் ரத்து என்று உத்தரவானது. அரசுப் பணத்தை மிச்சம் பிடித்ததற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

கூரைத் தவணைக்காகக் காத்திருந்த பாப்பாயி ஒருநாள் பஸ் ஏறி முள்ளுக்குறிச்சிக்குப் போனாள்.

"சார், செவுரு முடிஞ்சு கெடக்குதுங்க. மழ வந்தா மண்ணு கரஞ்சுரும். ஊட்டுக்காரரு ஈரத்துல படுக்க முடியாதவருங்க. கூரக்காசு எப்பங்க வரும்?"

"உங்களுக்குக் கூரை இருக்குதேம்மா" என்றார் விமல்ராஜ்.

"எங்கீங்க?"

"மேல. முதல் மாடியோட தரை இருக்குதுல்ல, அதுதான் உங்களுக்குக் கூரை."

"மொத மாடி யாருதுங்க?"

கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கருப்பண்ணன்."

"அவரு ஊடே கட்டலீங்களே சார்."

"அது அவருக்கும் எங்களுக்கும் உள்ள விசயம்மா. கூரை ஒழுகுனா நீங்க மேல் வீட்டுக்காரரத்தான் கேக்கணும். விதி அப்படித்தான் இருக்கு."

அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உங்க தரதான் எனக்குக் கூரைன்னு எழுதியிருக்காங்க. எப்பங்கண்ணா போடறீங்க?"

"என் தரைய நான் எது மேல போடறது பாப்பாயி? கீழ உன் கூரை இருந்தாத்தான? நீ மொதல்ல போடு கண்ணு, அது மேல நான் நிக்கறேன்."

நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொன்ன திருப்தி எனக்கு.

"உங்களுக்கு அந்த ஆபீசே தேவலைங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வந்த கோபத்தை வண்டி மேல் காட்ட முடியுமா? துடைத்து முடித்தேன்.

பாப்பாயி பிள்ளைகளை எழுதச் சொல்லிப் புகாருக்கு மேல் புகாராகப் போட்டாள். அதனால் கோகிலவாணியே நேரில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப் பாறை மேல் வந்து நின்றார். அங்கே யாரோ கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். அவர் கையில் இருந்த டேப்லெட், நீங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறீர்கள் என்று காட்டியது.

"கட்டடம் எங்கே?"

"இப்ப நாம தரைத்தளத்துல நிக்கறோம் மேடம்" என்றார் விமல்ராஜ்.

"இது பாறை."

"ஆமாங்க மேடம். அஸ்திவாரம் உறுதியா இருக்கட்டும்னு..."

கோகிலவாணி முட்டாள் இல்லை. கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து பாப்பாயி முன்னால் வந்தாள்.

"இங்க ஒன்னுமில்லீங்க மேடம். என் ஊடு அந்தச் சரிவுல இருக்குதுங்க. ஒரு நடை வந்து பாருங்க."

போனார்கள். நான்கு சுவர் நின்றது. வாசல் நிலையில் மஞ்சள் பூசியிருந்தது. உள்ளே வானம் தெரிந்தது. மூலையில் பாயில் சென்றாயன் படுத்திருந்தான், எழ முயன்று முடியாமல் கும்பிட்டான். கோகிலவாணி சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா கட்டியிருக்கீங்கம்மா" என்றார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். "ஆனா இந்த இடத்துல உங்களுக்கு வீடு இல்லையே."

"உள்ள நின்னுக்கிட்டுச் சொல்றீங்களே மேடம்."

"உங்க வீடு பாறையிலதான் பதிவாகியிருக்கு. வாரியப் பணத்த வேற இடத்துல செலவு பண்ணிக் கட்டுனா, அது அனுமதியில்லாத கட்டுமானம். நான் எழுதியே ஆகணும்."

"அப்ப பாறையில இல்லாத ஊடுங்க?"

"அது பதிவுல இருக்கு. கட்டலைன்னா பணி நிலுவைன்னு எழுதலாம், அதுக்கு விதியில இடம் இருக்கு. பதிவுல இல்லாம கட்டுனதுக்குத்தான் இடமே இல்ல. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்மா."

"வருத்தத்துக்கு விதியில எடம் இருக்குதுங்களா மேடம்?"

கோகிலவாணி இல்லை என்று தலையாட்டினார். நேர்மையான மனுஷி, பொய் சொல்ல வரவில்லை.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. தரைத்தளப் பயனாளி தன் அனுமதியற்ற கட்டுமானத்தை உடனே அகற்ற வேண்டும். தவறினால், ஒரு தளத்தின் விதிமீறலை முன்னிட்டு, கட்டடம் முழுவதற்கும் கொடுத்த நிதி திரும்பப் பெறப்படும்.

பாறையில் கூட்டம் போட்டோம். அதற்குள் எங்கள் ஊர் நிலவரமே மாறிப்போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகைகளில் '14ஆவது தளம், சாமைப்பாறை அடுக்குமாடிக் குடியிருப்பு' என்று விலாசம் போட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து ஆலத்தூர் நாட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பையனுக்கு எத்தனையாவது மாடி என்று கேட்டார்கள். பதினைந்துக்குக் கீழே என்றால் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சேலத்து புரோக்கர் ஒருத்தன் பாறையில் நின்று, இங்கிருந்து வியூ பிரமாதம் என்று சொல்லி நாலைந்து மாடிகளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இருபதாவது மாடி சுகந்தி எங்களைப் போன்ற கீழ் மாடிக்காரர்களைப் பார்த்தால் பேசுவதில்லை. குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. உச்சியில் இருப்பதால் பழனிமுத்து தலைவர்.

பாப்பாயி எழுந்து நின்றாள்.

"எல்லாரும் சேந்து போயி, பாறையில ஃபிளக்ஸ் புடிச்சுத்தான் படம் எடுத்தோம்னு சொல்லிப் போடலாங்க. ஊட்ட அந்தந்த எடத்துக்கு மாத்திக் குடுப்பாங்க. கட்டாதவிக காசத் திருப்பிக் கட்டோணும், அவ்வளவுதான். எனக்காக வாங்க. மழைக்கு இன்னும் நாளு இல்லீங்க."

பழனிமுத்து எழுந்தார்.

"ஒரு குடும்பத்துக்காக முப்பத்தாறு குடும்பம் நடுத்தெருவுல நிக்க முடியுமா கண்ணு?"

"இப்ப எங்கீங்க நிக்கறீங்க?"

"எதிர்த்துப் பேசாத சாமி. சட்டத்துக்குக் கட்டுப்படோணும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். சட்டம் என்று வந்தபின் தூக்காமல் இருக்க முடியுமா?

எங்கள் மலையில் ஒருவர் வீடு கட்டினால் ஊரே போய்க் கை கொடுக்கும். கூலி கிடையாது, வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். இடிப்பதற்குத் தனியாக முறை எதுவும் இல்லாததால் அதே முறையை வைத்துக்கொண்டோம். கடப்பாரையோடு போனோம். சென்றாயனைப் பாயோடு தூக்கிப் பலாமரத்தடியில் பத்திரமாகப் படுக்க வைத்தோம். அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். உச்சிவெயிலுக்குள் நான்கு சுவரும் தரையாயின. பாப்பாயி கேழ்வரகுக் களி கிண்டி, மொச்சைக் குழம்பு ஊற்றி வரிசையாக எல்லோருக்கும் போட்டாள். அவள் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன், உப்பு காரம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் முள்ளுக்குறிச்சிக்குப் போய், எனக்குத் தரைத்தளம் வேண்டாம் என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். ஒரு தலைவலி ஒழிந்தது என்று விமல்ராஜ் டீ வரவழைத்துக் கொடுத்தாராம். குடும்பத்தோடு அங்கேயே தங்கி, கட்டட வேலைக்கு சித்தாளாகப் போய்விட்டாள். நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நிம்மதி கோகிலவாணி கம்ப்யூட்டரைத் திறக்கிற வரைக்கும்தான். 'தரைத்தளம் ரத்தாகிவிட்ட நிலையில், ஏனைய முப்பத்தாறு தளங்களும் எதன் மீது நிற்கின்றன என்பதற்கு உடனடியாக விளக்கம் அளிக்கவும்' என்று கடிதம் வந்தது. விமல்ராஜ் எவ்வளவோ யோசித்தும் அந்தரத்தில் நிற்கிறது என்று எழுத விதியில் இடமில்லை. எனவே சாமைப்பாறை அடுக்குமாடிக் குடியிருப்பு எந்நேரமும் இடிந்து விழக்கூடிய அபாயகரமான கட்டடம் என்று அறிவிக்கப்பட்டது. ஆட்கள் வந்து பாறையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். குடியிருப்போர் அனைவரும் வெளியேற வேண்டும். வாங்கிய தவணைகளை வட்டியோடு கட்ட வேண்டும். சேலத்து புரோக்கர் வேறு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு, நாலு தடியர்களோடு வந்து போனான். காயப்போட இடமில்லாமல் அந்த வருசத்துச் சாமை மூட்டையிலேயே முளைத்துவிட்டது.

"யாராவது ஒருத்தர் தரைத்தளத்துக்கு எறங்கி வந்தாப் போதும். கட்டடம் நின்னுரும்" என்றார் விமல்ராஜ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் பக்கத்தில் இருப்பவன்.

"நான் எறங்குனா மொத மாடி காலியாயிருமுங்க. ரெண்டாவது மாடி எது மேல நிக்கும்?" என்றேன்.

"அப்ப எல்லாரும் ஆளுக்கொரு மாடி எறங்கிக்கலாம்" என்றார் சதீஷ்குமார்.

"முப்பத்தாறுல இருந்து முப்பத்தஞ்சுக்கா?" என்று பழனிமுத்து எழுந்துவிட்டார். "என் சம்பந்திக்கு நான் என்னன்னு சொல்றது?"

கடைசியில் பாப்பாயியையே திரும்பக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு வேன் பிடித்து முள்ளுக்குறிச்சிக்குப் போனோம். யாருடைய வீட்டுக்கோ மேல்தளக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பாயி தலையில் கலவைச் சட்டியோடு ஏணியில் நின்றாள். ஆறேழு மாசத்தில் பாதியாக இளைத்திருந்தாள். பழனிமுத்தே முன்னால் போய்ப் பேசினார்.

"நீ இல்லாம ஊரே அந்தரத்துல நிக்குது கண்ணு. தரைத்தளத்துக்கு வந்துரு. உனக்கு என்ன வேணுமோ செய்யறோம்."

பாப்பாயி சட்டியை மேலே இருந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"வாரேனுங்க. நாளைக்கே வாரேன். அதுக்கு முன்ன நீங்க முப்பத்தாறு பேரும் என்கூட இப்ப ஆபீசுக்கு வாங்க. பாறையில ஊடும் இல்ல, மாடியும் இல்ல, நாங்க ஆரும் மேல இல்லீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்கெல்லாம் கீழ எறங்குனா நான் மேல வாரேன்."

ஆபீஸ் எதிரில்தான் இருந்தது. ரோட்டைத் தாண்டினால் போதும். சுகந்தி சேலையைச் சரிசெய்தாள். கடைசியில் பழனிமுத்துதான் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்றோம் சாமி."

வேனில் ஏறித் திரும்பிவிட்டோம். நோட்டீசில் கொடுத்த கெடு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பைக்கை விற்றாலும் கடன் அடையாது. என் பெண்டாட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சங்கத்தில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்கிறோம், இறங்குவதில்லை என்று. என்னுடையது முதல் மாடிதான். இருந்தாலும் மாடி மாடிதானே.